படகில் ஆறாயிரம் மைல்: முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்

"அமெரிக்காவின் கிழக்குப் பாதியைப் படகிலேயே சுற்றிவந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம் என்கிறார்களே, உண்மையா? நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஐம்பது வயதாகப் போகிறது. நீச்சல் தெரியும், படகு ஓட்டியதில்லை. மனைவியோடு போக முடியுமா? என்ன படகு, எத்தனை நாள்?" இதுதான் கேள்வி.

உண்மைதான். போகவும் முடியும். இதற்கு கிரேட் லூப் என்று பெயர், போகிறவர்களை லூப்பர் என்பார்கள். நான் முழுச் சுற்றையும் முடித்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரின் 36 அடிப் படகில் மூன்று தவணையாகப் பாதிக்கு மேல் போயிருக்கிறேன். கயிறு பிடிப்பது, சமைப்பது, இரவில் விழித்திருப்பது என் வேலை. சுக்கான் அவ்வப்போது கைக்கு வரும்.

யாரிடம் இதைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி அலை, புயல், சுறா என்றுதான் வரும். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் படகின் உயரம் எவ்வளவு?

வழியை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பார்ப்போம். ஃப்ளோரிடாவில் தொடங்கினால், அட்லாண்டிக் கரைக்கு உள்ளே ஓடும் கடலோர நீர்வழியில் வடக்கே வர்ஜீனியா வரை. செசபீக் விரிகுடா, டெலவேர், உங்கள் நியூ ஜெர்சிக் கரை, நியூயார்க் துறைமுகம். ஹட்சன் ஆற்றில் ஏறி, எரி கால்வாய் வழியாகப் பேரேரிகள். கனடாவைத் தொட்டு மிச்சிகன் ஏரி, சிகாகோ. அங்கிருந்து இல்லினாய், மிசிசிப்பி, ஒஹாயோ, டென்னசி என்று ஆறு மாற்றி ஆறு. கடைசியில் அலபாமாவின் மொபீலில் மெக்சிகோ வளைகுடா. வளைகுடாவைக் கடந்தால் மறுபடி ஃப்ளோரிடா. மொத்தம் சுமார் 6,000 மைல். சுற்று வழி, குறுக்கு வழி பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஆறு, கால்வாய், கடலோர நீர்வழி எல்லாவற்றிலும் இங்கே தரை மைல்தான் கணக்கு, கடல் மைல் இல்லை. படகுக்காரர்களே இதில் குழம்புவதுண்டு.

சரி, உயரம். சிகாகோவுக்குத் தென்மேற்கே லெமான்ட் என்ற ஊருக்கு அருகில் கால்வாயின் குறுக்கே ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அது திறக்காது, தூக்காது. தண்ணீரிலிருந்து அதன் அடிப்பகுதிக்குப் பத்தொன்பதரை அடிதான். மிச்சிகன் ஏரியிலிருந்து ஆற்றுக்கு இறங்க அதைத் தவிர வழி கிடையாது. ஆறாயிரம் மைலில் மற்ற எந்தப் பாலத்தையும் சுற்றிப் போகலாம், திறக்கச் சொல்லலாம். இதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பாய்மரப் படகுக்காரர்கள் கம்பத்தைக் கழற்றிப் படகின் மேலேயே படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு, ஏதோ ஏணி ஏற்றிப் போகிற லாரி மாதிரி ஆறுகளைக் கடக்கிறார்கள். மொபீல் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிமிர்த்துகிறார்கள்.

பத்தொன்பதரை என்பது கட்டாய அளவு. அதற்குக் கீழே ஒவ்வொரு அடி குறைத்தாலும் ஒரு புதிய வழி திறக்கும். 17 அடிக்குள் இருந்தால் சிகாகோ நகரின் நடுவே, வானுயர் கட்டடங்களுக்கு இடையிலேயே போகலாம். இல்லையென்றால் தெற்கே கலுமெட் ஆறு வழியாகச் சுற்ற வேண்டும். பதினைந்தரை அடிக்குள் இருந்தால் எரி கால்வாயை பஃபலோ வரை முழுசாகப் பார்க்கலாம். அதைவிட உயரமான படகு பாதி வழியில் ஆஸ்வீகோ கால்வாயில் திரும்பி ஒன்டாரியோ ஏரிக்குப் போகும். அப்படிப் போனால் மேலேயுள்ள ஏரிகளுக்கு ஏற கனடாவுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்குக் கனடா விசாக் கேள்வியும், அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைகிற கேள்வியும் சேர்ந்து வருகின்றன. படகில் வந்தாலும் எல்லை எல்லைதான். கரை சேர்ந்ததும் அமெரிக்கச் சுங்கத் துறையின் ரோம் என்ற செயலி வழியாகவோ நேரிலோ தகவல் சொல்ல வேண்டும். கனடாவே வேண்டாம் என்றால் பஃபலோ வழிதான், அதற்குப் படகு பதினைந்தரை அடிக்குள் இருக்க வேண்டும். விசா பிரச்சினையைப் படகு வாங்கும் கடையில் தீர்த்துக்கொள்ளக் கூடிய இடம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

உயரத்துக்கு அடுத்தது ஆழம். படகு தண்ணீருக்குள் ஐந்து அடிக்கு மேல் அமிழாமல் இருந்தால் நிம்மதி. கடலோர நீர்வழிக்கு ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம், அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்று காகிதத்தில் இருக்கிறது. மணல் காகிதத்தைப் படிப்பதில்லை. முகத்துவாரங்கள் நீர்வழியைக் குறுக்கே வெட்டும் இடங்களில் ஒரே மழைக்காலத்தில் மேடு இடம் மாறிவிடும். ஜார்ஜியாவில் கடல்மட்டம் ஏறி நிற்கும் ஓதத்துக்கும் இறங்கி நிற்கும் வத்தத்துக்கும் இடையே ஏழு எட்டு அடி வித்தியாசம். சென்னைக் கடலில் நாலடிக்குள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காலையில் ஏரியாக இருந்தது மத்தியானம் சேற்று வயலாகிவிடுவது நம்ப முடியாத காட்சி. நாங்கள் அங்கே தரைதட்டினோம். தப்பு என்னுடையதுதான். வரைபடத்தில் காட்டிய கோட்டின் மேலேயே கண்ணை வைத்து ஓட்டினேன், எதிரே வழிகாட்டியாக இருந்த மிதவையைப் பார்க்கவில்லை. மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், படகு நின்றுவிட்டது. நல்லவேளை, ஓதம் ஏறுகிற நேரம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காபி போட்டுக் குடித்தோம், தண்ணீர் தானாகத் தூக்கிவிட்டது. இறங்குகிற நேரமாக இருந்திருந்தால் பன்னிரண்டு மணி நேரம் சாய்ந்த படகில் கிடந்திருப்போம். மேடான இடத்தை எப்போதும் ஏறு ஓதத்தில் கடக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து மறக்கவில்லை.

மிதவை என்றதும் ஒன்று. இந்தியாவில் மீன்பிடிப் படகிலோ கப்பலிலோ இருந்த உறவினர் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது அங்கே சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் சிவப்பு வலப்பக்கம். கார் ஓட்டுவதில் பக்கம் மாறிப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

இந்தக் கடலோர நீர்வழியில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையில் உள்ள டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். சதுப்புக் காட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். மரப்பட்டையின் துவர்ப்பு ஊறி தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் கிளைகள் குனிந்து படகைத் தடவும். அடிமைகளை வைத்து வெட்டிய கால்வாய் அது, 1805-இல் திறந்தார்கள். அடுத்த வருஷம் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குப் பேசில் காக்ரேனின் பணத்தில் ஒரு கால்வாய் வந்தது. அதுதான் பின்னால் நீண்டு நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை 1877, 78-இல் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டினார்கள். இரண்டும் ஒரே யோசனைதான்: கடலை நம்பாதே, கரைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் போட்டுக்கொள். மரக்காணத்திலிருந்து ஆந்திரா வரை உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிப் போன வழி நமக்கு இன்று பறக்கும் ரயிலின் தூண் நிற்கிற சாக்கடை. அங்கே மயிலாப்பூரில் வளர்ந்த எனக்கு இங்கே அந்தத் தேநீர்த் தண்ணீரில் போகும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

உங்கள் நியூ ஜெர்சிக்கும் உள்நீர்வழி உண்டு. ஆனால் பல இடங்களில் ஆழம் போதாது, சின்னப் படகுக்குத்தான் சரி. மற்றவர்கள் கேப் மேயிலிருந்து சாண்டி ஹுக் வரை வெளிக் கடலில் போக வேண்டும். நல்ல வானிலைக்காகக் கேப் மேயில் மூன்று நாள், நான்கு நாள் கட்டிப் போட்டுக் காத்திருப்பது சகஜம். பொறுமை இல்லாதவர்கள் அங்கேயே தெரிந்துவிடுவார்கள்.

ஏன் எல்லாரும் இடஞ்சுழியாகவே, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகவே சுற்றுகிறார்கள்? இல்லினாய் ஆறும் மிசிசிப்பியும் தெற்கே ஓடுகின்றன. அவற்றை எதிர்த்து ஏறினால் டீசல் தீரும், உயிரும் போகும். பருவமும் அதற்கு ஒத்துவருகிறது. வசந்தத்தில் ஃப்ளோரிடாவை விட்டால் மே மாதத்தில் நியூயார்க். எரி கால்வாய் பனிக்காலத்தில் மூடிக்கிடந்து மே நடுவில்தான் திறக்கும். கோடை முழுதும் ஏரிகள். செப்டம்பருக்குள் மிச்சிகன் ஏரியை விட்டு இறங்கிவிட வேண்டும், இலையுதிர் காலத்தில் அந்த ஏரி பொல்லாதது. ஆறுகளில் இறங்கித் தெற்கே வந்தால் ஒரு இடத்தில் மறுபடி நிற்க வேண்டும். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியும் முன் வளைகுடாப் பக்கம் போனால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே வேகமான படகு வைத்திருப்பவரும் மெதுவான படகு வைத்திருப்பவரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்வார்கள். அவசரக்காரர்கள் இரண்டு மாதத்தில் முடித்ததும் உண்டு. வழக்கம் ஒரு வருஷம். வேலையை விடாமல் துண்டு துண்டாக நாலைந்து வருஷத்தில் முடிப்பவர்களும் நிறைய.

இப்போது லாக். உங்கள் மனைவி இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், நீங்களும்தான். இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி. கீழ்க் கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு மூடி, மேலிருந்து தண்ணீரைத் திறந்தால் தொட்டி நிறைந்து படகு உயரும். மேல் கதவு திறந்ததும் அடுத்த மட்டத்தில் போய்க்கொண்டே இருக்கலாம். பம்பு கிடையாது, தண்ணீரின் எடைதான் வேலை செய்கிறது. ஹட்சனை விட்டு எரி கால்வாயில் நுழையும் வாட்டர்ஃபோர்டில், இரண்டு மைலுக்குள் ஐந்து லாக் அடுக்கடுக்காக வந்து சுமார் 165 அடி தூக்கிவிடும். ஒரே காலையில் கை வீங்கிவிடும். படகின் பக்கங்களில் ரப்பர் முட்டுகளைத் தொங்கவிட்டு, சுவரிலிருக்கும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டவே கூடாது. தண்ணீர் இறங்கும்போது கயிறு முடிச்சுப் போட்டிருந்தால் படகு சுவரில் தொங்கிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் இடுப்பில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள்.

கனடா வழி போகக் கொடுத்துவைத்தவர்கள் ட்ரென்ட் செவர்ன் நீர்வழியைத் தேர்ந்தெடுங்கள். 386 கிலோமீட்டர். அதில் பீட்டர்பரோவில் ஒரு அதிசயம் 1904-லிருந்து ஓடுகிறது. தராசுத் தட்டு மாதிரி இரண்டு பெரிய தொட்டிகள். மேலே இருக்கும் தொட்டியில் சுமார் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்த எடைக்கு அது இறங்கும், கீழே இருப்பது படகோடு 65 அடி ஏறிவரும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எந்தப் படகு ஏறினாலும் எடை மாறாது, ஏனென்றால் தன் எடைக்குச் சமமான தண்ணீரை அது வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை மனப்பாடம் செய்தபோது இப்படி ஒன்றில் ஒரு நாள் ஏறுவேன் என்று நினைக்கவில்லை. அதே நீர்வழியின் மறுமுனைக்குப் பக்கத்தில் பிக் ஷூட் என்ற இடத்தில் படகைத் தண்ணீரிலிருந்தே தூக்கி, தண்டவாளத்தில் மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறக்குகிறார்கள். அங்கே லாக் கட்டாததற்குக் காரணம் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன். தண்ணீர் இணைந்தால் அது உள்ளே உள்ள ஏரிகளுக்குப் போய்விடும்.

மீன் தொல்லை அதோடு போகவில்லை. சிகாகோ ஆறு முதலில் ஏரிக்குள் ஓடியது. நகரத்துச் சாக்கடை குடிதண்ணீரில் கலக்கிறது என்று 1900-இல் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். அந்த வழியாக இப்போது நம்மூர்ப் பண்ணைகளில் வளர்க்கிற அதே வெள்ளிக்கெண்டை மேலே ஏறி வருகிறது. அதைத் தடுக்கத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். படகு அதன் மேல் போகலாம், கையைத் தண்ணீரில் விடக் கூடாது. வேலிக்கு வெகு கீழே இல்லினாய் ஆற்றில் எஞ்சின் சத்தம் கேட்டதும் அந்தக் கெண்டைகள் துள்ளிக் குதிக்கும். எங்கள் படகின் பின்தளத்தில் ஒன்று வந்து விழுந்தது, நாலு கிலோ இருக்கும். குழம்பு வைத்தோமா என்று கேட்காதீர்கள், நான் சொன்னேன், நண்பர் கேட்கவில்லை.

ஆறுகள்தான் உண்மையான பரீட்சை. அங்கே நீங்கள் விருந்தாளி, சரக்குப் படகுதான் வீட்டுக்காரர். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று பதினைந்து தட்டைப் படகுகளைக் கட்டி ஒரே இழுவைப் படகு தள்ளிக்கொண்டு வரும். வளைவில் அது ஆற்றையே அடைத்துவிடும். வானொலியில் 13-ஆம் அலைவரிசையில் மரியாதையாகக் கூப்பிட்டு "எந்தப் பக்கம் கடக்கட்டும்" என்று கேட்டால், "ஒரு விசில்" அல்லது "இரண்டு விசில்" என்று பதில் வரும். பழைய ஊதல் கணக்கு இன்னும் வாய்மொழியாக வாழ்கிறது. எதிரெதிரே வரும்போது ஒரு விசில் என்றால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் பார்க்கக் கடப்பது. லாக்குகளிலும் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. நாலு மணி நேரம் காத்திருந்தோம் ஒரு இடத்தில். அன்று முழுக்க ஓடிய தூரம் ஒன்பது மைல்.

மிசிசிப்பியில் உங்கள் பங்கு கிராஃப்டனிலிருந்து கெய்ரோ வரை சுமார் 218 மைல்தான். எழுதுவது கெய்ரோ, உள்ளூரில் சொல்வது கேரோ. ஆற்றின் வேகம் சேர்ந்துகொள்வதால் மெதுவான படகும் பறக்கும், கூடவே முழு முழு மரங்களும் மிதந்து வரும். செயின்ட் லூயிஸுக்குக் கீழே எரிபொருள் கிடைக்கும் இடம் அபூர்வம். பெடூக்கா வரை 200 மைலுக்கு மேல் ஒரே டாங்கில் ஓட்டத் தயாராக இருங்கள். பெட்ரோல் படகுக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். கெய்ரோவில் ஒஹாயோவுக்குள் திரும்பியதும் வேகம் பாதியாகும், இப்போது எதிர்நீச்சல். நேரே நியூ ஆர்லியன்ஸுக்கே போய்விடலாமே என்று தோன்றும். கீழ் மிசிசிப்பியில் ஒதுங்கக் கரை கிடையாது, இழுவைப் படகுகள் இன்னும் பெரியவை. அதனால் டென்னசி ஆற்றைப் பிடித்து, அதை டாம்பிக்பீ ஆற்றோடு இணைக்கும் டென் டாம் நீர்வழியில் இறங்குவதே வழக்கம். 1985-இல் திறந்தது, 234 மைல், 10 லாக். அதில் ஒன்று மட்டும் 84 அடி இறக்கும். மனுஷ நடமாட்டமே இல்லாத காடு. இரவில் நங்கூரம் போட்டால் தவளைச் சத்தம் மட்டும்தான்.

மொபீலுக்குப் பிறகு கரையோரமாகவே கேரபெல் வரை வந்துவிடலாம். அங்கே உள்நீர்வழி அறுந்துபோகிறது. டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 170 மைல் திறந்த வளைகுடா. மணிக்கு எட்டு மைல் படகுக்கு இருபத்தோரு மணி நேரம், ஒரு இரவு முழுக்க. பகலில் புறப்பட்டு, மறுநாள் சூரியன் நன்றாக ஏறிய பிறகு கரையை நெருங்கும்படி கணக்குப் போடுவார்கள். கரையோரம் முழுக்க நண்டுப் பொறிகளின் மிதவைகள், இளவெயில் கண்ணில் அடித்தால் தெரியாது, கயிறு படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். இந்த ஓரிரவுக்கு நல்ல வானிலை வேண்டி பத்து நாள் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரைக்கு வந்துவிட்டால் தெற்கே தீவுகளைச் சுற்றலாம், அல்லது ஃபோர்ட் மையர்ஸிலிருந்து ஒக்கிச்சோபீ ஏரி வழியாக 150 மைல் குறுக்கே வெட்டி ஸ்டூவர்ட்டில் அட்லாண்டிக்கைத் தொடலாம்.

படகு என்று பார்த்தால், இருவருக்கு 32 முதல் 40 அடிக்குள் ஒற்றை டீசல் எஞ்சின் டிராலர் (மீன்பிடிப் படகு இல்லை, மெதுவாகப் போகும் உல்லாசப் படகு) போதும். மணிக்கு எட்டு மைல் வைத்தால் 6,000 மைலுக்கு 750 மணி நேரம். மணிக்கு இரண்டரை கேலன் என்றாலும் 1,875 கேலன். அதே தூரத்தை வேகப் படகில் போனால் இதைப் போலப் பல மடங்கு குடிக்கும். எரிபொருளைவிட படகுத்துறை வாடகையும் பழுதுபார்ப்பும்தான் பணத்தைத் தின்னும், நங்கூரம் போட்டுத் தூங்கப் பழகினால் முதலாவது பாதியாகக் குறையும். முதல் சுற்றில் இருப்பவர்கள் வெள்ளைக் கொடி கட்டுவார்கள், முடித்தவர்கள் தங்க நிறக் கொடி. வெள்ளைக் கொடியைப் பார்த்தால் தெரியாத ஊரிலும் படகைக் கட்டக் கயிற்றைக் கையில் வாங்கிக்கொள்ள நாலு பேர் ஓடி வருவார்கள், உங்களுக்கும் வருவார்கள்.

இப்போதே படகு வாங்க வேண்டாம். நியூ ஜெர்சியில் மோட்டார் படகு ஓட்டப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம், அதை இருவரும் எடுங்கள். ஒருவர் மட்டும் ஓட்டத் தெரிந்த படகில் அவர் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். அடுத்த கோடையில் எரி கால்வாயில் ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுங்கள். சமையலறை, படுக்கை எல்லாம் இருக்கும், சைக்கிள் வேகத்தில் போகும், முன் அனுபவம் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணம்தான். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம், அலையே இருக்காது. மூன்றாவது லாக்கில் நீங்களும் மனைவியும் சத்தம் போடாமல் கயிறு பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். பிடித்தீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், படகின் உயரத்தைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.